காலித் தொட்டி, திறக்காத கதவு: கானாடுகாத்தான் பக்கத்து வீடொன்றின் வாஷிங் மெஷின் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினின் கதவு திறக்கவில்லை என்று அழைப்பு வந்தால், டோர் லாக் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதுப் பூட்டைக் கையோடு எடுத்துப் போகிற பழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றிக் கிடக்கிறது. இந்தப் பழக்கத்தால் வீட்டுக்காரரின் காசு வீணாகிறது, உண்மையான பழுதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. பூட்டு என்பது மெஷினின் போர்டு, அதாவது எல்லாவற்றையும் இயக்குகிற மின்னணுப் பலகை, சொன்னதைக் கேட்டு நடக்கிற உறுப்பு. அது திறக்கவில்லை என்றால், திறக்கச் சொல்லி உத்தரவு வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. கானாடுகாத்தானை ஒட்டிய ஒரு ஊரில் பார்த்த இந்த வேலையை விரிவாக எழுதுவதற்குக் காரணம், அந்த முதல் கேள்வியை யாரும் கேட்காமல் ஒரு நல்ல பூட்டைக் கழற்றிப் போட இருந்தார்கள் என்பதே.

வீடும் மெஷினும்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது நிறைவு விழா), படைப்பு (முன்னோருக்குப் படையல்), பிள்ளையார் நோன்பு என்று ஏதாவது வந்தால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குவார்கள். அதுவரை சும்மா இருந்த மோட்டார், கீசர், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வேலை வந்துவிடும். இந்த வீடும் அப்படித்தான். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளம். மெஷின் இருந்தது இரண்டாங்கட்டில், கல் வாய்க்காலை ஒட்டி. ஏழு கிலோ ஃபிரண்ட் லோடு, வாங்கி ஐந்து வருடம் இருக்கும். ஆனால் ஓடிய நாட்களைக் கூட்டினால் அதிகம் தேறாது.

தண்ணீர் வீட்டுப் போர்வெல்லிலிருந்து வருகிறது. காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்; அந்தப் பெருமை சுற்றுவட்டாரத்து எல்லா போர்களுக்கும் சேராது. இந்த வீட்டில் எவர்சில்வர் குடத்தின் உட்புறம் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு அந்த வெள்ளைப் பொடி முக்கியமான தடயம்.

சாந்திக்கு இரண்டு நாள் முன்பு மெஷின் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே வேட்டிகள். அவசரத்தில் யாரோ ஒரு அரக்குக் கண்டாங்கிச் சேலையையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளூர் எலக்ட்ரீசியன் வந்து பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் காத்திருந்து பார்த்திருக்கிறார். அப்போதும் திறக்காததால் "லாக் போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குள் பேரப்பிள்ளைகள் இழுத்த இழுப்பில் கைப்பிடியின் பிளாஸ்டிக்கில் மெல்லிய கீறல் விழுந்திருந்தது.

நான் போனபோது அந்த வீட்டு ஆச்சிக்கு இருந்த கவலை மெஷினைப் பற்றியதே அல்ல.

"தம்பி, அரக்குக் கண்டாங்கியும் வேட்டியும் ஒண்ணா ஊறிக்கிட்டுக் கெடக்கு. சாயம் ஏறிருச்சுன்னா சாந்திக்குக் கட்ட வேட்டி இல்லாமப் போயிரும். மொதல்ல கதவத் தொறந்து விடுங்க, மத்ததப் பெறகு பாத்துக்கலாம்."

"தொறந்துரலாம் ஆச்சி. ஆனா ஏன் பூட்டிக்கிட்டுச்சுன்னு பாக்காமத் தொறந்தா, அடுத்த தடவை மறுபடி பூட்டிக்கிரும். கடைசியா என்ன சத்தம் கேட்டுச்சு?"

"தண்ணி எறைக்கிற சத்தந்தான். உர்ருன்னு ஒரே சத்தம். வாய்க்கால்ல பாத்தா ஒரு சொட்டு விழுகல. அப்பறம் அதுவா நின்னு, என்னமோ எழுத்து மின்னிக்கிட்டே இருந்துச்சு. துணியச் சுத்தவே இல்ல."

இந்த ஐந்து வாக்கியத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. பம்பு ஓடியிருக்கிறது. தண்ணீர் வரவில்லை. ஸ்பின் நடக்கவில்லை. பிறகு மெஷின் தானாக நின்று எரர் காட்டியிருக்கிறது. மல்டிமீட்டரை வெளியே எடுக்கும் முன் வீட்டில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். மெஷின் நின்ற நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் அவர். அவர் காதில் விழுந்ததை எந்தக் கருவியும் திருப்பிச் சொல்லாது.

கதவு எதற்காகப் பூட்டியிருக்கும்

ஓடும் மெஷினின் கதவைப் போர்டு சில காரணங்களுக்காகத்தான் திறக்க மறுக்கும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று அது நினைத்தால் திறக்காது. டிரம் சுற்றிக்கொண்டிருந்தால் திறக்காது. உள்ளே சூடு அதிகமாக இருந்தால், மாடலுக்கு மாடல் மாறினாலும் சுமார் 50 டிகிரிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம், ஆறும்வரை திறக்காது. குழந்தைகளுக்கான சைல்டு லாக் போடப்பட்டிருந்தால் சில மாடல்களில் பொத்தான்கள் எதற்கும் மெஷின் அசையாது. காரணம் தெரியாமல் பலரும் பதறுவது இதில்தான். குறிப்பிட்ட பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போதும்.

இவை எதுவும் இல்லாமலும் கதவு திறக்கவில்லை என்றால்தான் பூட்டின் மேல் சந்தேகம் போக வேண்டும். அங்கேயும் எலக்ட்ரீசியன் செய்த சோதனையின் பொருள், பூட்டு எந்த வகை என்பதைப் பொறுத்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பலருடைய முடிவு தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

பழைய வகைப் பூட்டு சூட்டால் வேலை செய்வது. உள்ளே பிடிசி எனப்படும் சிறு வில்லை இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகும். அந்தச் சூட்டில் பக்கத்திலுள்ள இரட்டை உலோகத் தகடு வளைந்து ஒரு முள்ளைத் தள்ளும். முள் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் அழுத்தினால் இரண்டு மூன்று விநாடி அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் அது இந்த வகை. மின்சாரம் நின்றால் வில்லை ஆறி, ஒன்றிரண்டு நிமிடத்தில் முள் தானாக விலகிவிடும். தொட்டியில் தண்ணீர் இருந்தாலும் விலகிவிடும். ஆகவே இந்த வகையில் பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆகியும் திறக்கவில்லை என்றால், முள் சிக்கியிருக்கிறது அல்லது கைப்பிடியின் கொக்கி உடைந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

புது வகை துடிப்பால் வேலை செய்வது. உள்ளே ஒரு சுருள் இருக்கும். போர்டு கண நேர மின்துடிப்பு ஒன்றை அனுப்பினால் சுருள் இழுத்து, பூட்டு அப்படியே நின்றுவிடும். திறக்க வேண்டுமென்றால் மறுபடியும் துடிப்பு வர வேண்டும். இடையில் மின்சாரம் போனாலும் பிளக்கைப் பிடுங்கினாலும் பூட்டு இருந்த நிலையிலேயே இருக்கும். அரை மணி நேரம் என்ன, அரை நாள் காத்திருந்தாலும் திறக்காது. அது பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஸ்டார்ட் அழுத்தியவுடன் தாமதமில்லாமல் 'டக்' என்று சத்தம் வந்தால் இந்த வகை என்று கண்டுகொள்ளலாம்.

ஆச்சி வீட்டு மெஷின் இந்த இரண்டாம் வகை. ஆக, எலக்ட்ரீசியனின் சோதனை பூட்டைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. நல்ல சோதனைதான், வேறு வகைப் பூட்டுக்கு உரியது.

தண்ணீர் எங்கே

கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை. ஆனால் அதை நம்பக் கூடாது. துணி சுற்றும் டிரம் வேறு, அதைச் சூழ்ந்திருக்கும் தொட்டி வேறு. கதவின் விளிம்புக்குக் கீழே தொட்டியில் ஒரு வாளி அளவு தண்ணீர் நின்றாலும் கண்ணாடியில் தெரியாது. கீழே வலது மூலையிலுள்ள சிறு மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினால்தான் உண்மை தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு தாம்பாளத்தை வைத்து, ஃபில்டரை மெதுவாகத் திருகினேன். வெந்நீரில் துவைத்த மெஷின் என்றால் இந்த இடத்தில் கை வெந்துவிடும். ஆறவிட்டுத்தான் தொட வேண்டும்.

தாம்பாளத்தில் விழுந்தது ஒரு டம்ளர் தண்ணீர். கூடவே ஒரு ஊக்கு, ஒரு ரூபாய்க் காசு, வேட்டிக் கரையிலிருந்து பிரிந்த நூல் சுருள். பேரன் "அதான், காசுதான் அடைச்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டான். ஊக்கும் காசும் கிடைத்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்து மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் காசு பம்பை அடைத்திருந்தால் தொட்டி நிறையத் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பம்பு தன் வேலையை முடித்துவிட்டது. முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஆச்சி பார்த்தபோது வாய்க்காலில் சொட்டு விழவில்லை.

இருந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மற்றதையும் பார்த்தேன். டிரெயின் ஹோஸின் நுனி தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. பெரும்பாலான மெஷின்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம், சரிதான். பம்பின் சுருள் 160 ஓம் காட்டியது, அதுவும் சரி. உள்விசிறி விரலுக்குத் தடையின்றிச் சுற்றியது. இரண்டாங்கட்டு பிளக் பாயின்டில் 212 வோல்ட். முகப்பிலுள்ள மீட்டரிலிருந்து இவ்வளவு தூரம் பழைய வயர் ஓடி வருகிற வீட்டில் அது மோசமில்லை.

ஆக நிலைமை இது: தொட்டி காலி, பம்பு நலம், மின்சாரம் நலம். ஆனால் போர்டு மட்டும் தண்ணீர் இருக்கிறது என்று நம்புகிறது. தண்ணீர் இருப்பதாக நம்புவதால் பம்பை விடாமல் ஓட்டுகிறது, ஸ்பின்னைத் தொடங்கவில்லை, கதவைத் திறக்கவில்லை, கடைசியில் எரர் போடுகிறது. நான்கு அறிகுறிக்கும் ஒரே காரணம். அந்த நம்பிக்கையைப் போர்டுக்குக் கொடுத்தது யார்?

காற்றுக் குழாய்

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மெஷின் நேராகப் பார்ப்பதில்லை. தொட்டியின் அடியில் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் உள்ளே காற்று அகப்பட்டு இறுகுமே, அதே வேலைதான். தண்ணீர் ஏற ஏற அறைக்குள்ளிருக்கும் காற்று அழுந்தும். அந்த அழுத்தம் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக மேலே இருக்கும் பிரஷர் சென்சாருக்குப் போகும். சென்சாருக்குள் ஒரு சவ்வு நகரும். அதன் நகர்வு ஒரு சுருளின் அதிர்வெண்ணை மாற்றும். போர்டு அதைப் படித்துத் தண்ணீரின் உயரத்தைக் கணக்கிடும். 10 சென்டிமீட்டர் தண்ணீர் தருகிற அழுத்தம் சுமார் 1,000 பாஸ்கல், அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமான அளவை ஒரு பென்சில் தடிமன் குழாய் சுமந்து போகிறது. நடுவில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால் போதும், கணக்கு தப்பிவிடும்.

மெஷினின் பின்பக்கத்து இரண்டு ஸ்குருவைக் கழற்றி மேல்மூடியைப் பின்னால் நகர்த்தி எடுத்தேன். பிளக் வெளியே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டின் கெப்பாசிட்டரில் சில நிமிடம் மின்சாரம் நிற்கும், அதனால் உடனே கையை விடக் கூடாது. சென்சாரிலிருந்து ரப்பர் குழாயை மட்டும் உருவினேன். மூடியை மறுபடி பொருத்தி, பிளக்கைச் செருகி, மெஷினை ஆன் செய்தேன். பம்பு சில விநாடி ஓடி நின்றது. அடுத்து 'டக்' என்று சத்தம். கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறந்துகொண்டது.

இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இது ஒரே நேரத்தில் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. சென்சார் கெட்டிருந்தால் குழாயை உருவியதால் எந்த மாற்றமும் வந்திருக்காது. போர்டு கெட்டிருந்தாலும் அப்படியே. பூட்டு கெட்டிருந்தால் துடிப்பு வந்தும் திறந்திருக்காது. குழாயை எடுத்தவுடன் எல்லாம் சரியானது என்றால், பழுது அந்தக் குழாய்க்குள்ளோ அது போய்ச் சேரும் அறைக்குள்ளோதான் இருக்க முடியும். புதுப் பூட்டு தேவையில்லை என்பது அந்த ஒரு சத்தத்தில் உறுதியாகிவிட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: குழாய் கழன்ற நிலையில் தண்ணீர் ஏற்றும் எந்த புரோகிராமையும் போடக் கூடாது. தொட்டி நிறைந்தது மெஷினுக்குத் தெரியாது.

துணியை ஆச்சியே வெளியே எடுத்தார்கள். ஒரே ஒரு வேட்டியின் ஓரத்தில் அரக்கு படிந்திருந்தது. மற்றவை தப்பித்தன.

பிறகு அடிப்பக்கத்து அகல ஹோஸைக் கழற்றிக் காற்றறையின் வாயைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு படிவம், வாயை முழுக்க மூடியிருந்தது. விரலில் எடுத்தால் நடுவில் வழவழப்பாக இருந்தது. காய்ந்த ஓரம் சுண்ணாம்பாகப் பொடிந்தது. ஊதுபத்திக் குச்சி நுழையக் கூட இடமில்லை. தண்ணீர் ஏறும்போது இந்தக் கசடு இளகி வழிவிட்டிருக்கிறது. தண்ணீர் இறங்கும்போது படிந்து வாயை அடைத்து, அழுந்திய காற்றை உள்ளேயே சிறைப்பிடித்துவிட்டது. தண்ணீர் போனபின்னும் அழுத்தம் போகவில்லை.

இளம் வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து அறையை ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். குழாயை இரு முனையும் கழற்றிய பிறகுதான் ஊதினேன். சென்சாரில் மாட்டியபடி ஊதினால் சவ்வு கிழிந்துவிடும். எல்லாவற்றையும் பூட்டி, ஒரு முறை தண்ணீர் ஏற்றி இறக்கிப் பார்த்தபோது பம்பு உரிய நேரத்தில் நின்றது, ஸ்பின் நடந்தது, கதவு திறந்தது.

கசடு வந்த வழி

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐஎஸ் 10500, 2012) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம். போர்த் தண்ணீர் பல இடங்களில் மேல் எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் நுரை வராது. நுரை வரவில்லை என்றால் துணி வெளுக்காது என்ற எண்ணத்தில் இன்னொரு கரண்டி பவுடரைப் போடுவோம். அந்த வீட்டிலும் கையால் துவைக்கிற சாதாரணப் பவுடரைத்தான், தட்டு நிறையப் போட்டிருந்தார்கள். துவைப்பதும் எப்போதும் பச்சைத் தண்ணீரில். கரையாத பவுடர், தண்ணீரின் சுண்ணாம்பு, துணியின் நூல், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து தொட்டியின் அடியில் இறங்கும். தினமும் ஓடுகிற மெஷினில் அடுத்த நாள் தண்ணீர் அதில் கொஞ்சத்தையாவது கழுவிக்கொண்டு போகும். மாதக் கணக்கில் சும்மா நிற்கிற மெஷினில் அது காய்ந்து கட்டியாகிவிடும். செட்டிநாட்டில் இந்தப் பழுது அடிக்கடி கண்ணில் படுவதற்கு வீடுகள் பூட்டிக் கிடப்பது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

அவசரத்துக்கு மெக்கானிக் கிடைக்காத இடத்தில் கதவைத் திறக்க வழி இருக்கிறது. முதலில் பிளக்கைப் பிடுங்கி ஃபில்டர் வழியாகத் தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். பல மாடல்களில் அதே சிறு மூடிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாடா தொங்கும். அதைக் கீழே இழுத்தால் பூட்டு விடுபடும். நாடா இல்லாத மாடலில் மேல்மூடியைக் கழற்றி, தொட்டியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முன்பலகைக்குப் பின்னால் கையை விட்டுப் பூட்டின் நாக்கை நகர்த்தலாம். கைப்பிடியை மட்டும் இழுக்கக் கூடாது. உடைவது எப்போதும் கைப்பிடிதான், பூட்டு இல்லை. வெந்நீர்த் துவைப்பு பாதியில் நின்றிருந்தால், ஆறும்வரை இந்த வேலை எதையும் தொடங்க வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியதை ஆச்சியின் மகனிடம் எழுதிக் கொடுத்தேன். துணி இல்லாமல் 60 டிகிரியில் ஒரு முறை சிட்ரிக் ஆசிட் போட்டு ஓட்ட வேண்டும். அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து, குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் நாட்களில் அந்தக் கதவை மூடியே வைக்க வேண்டும், டிரம்முக்குள் ஏறிவிடுவார்கள். பவுடர் விஷயத்தில், ஃபிரண்ட் லோடுக்கென்று விற்கிற குறைந்த நுரைப் பவுடரையோ திரவத்தையோ பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் போடாமல் இருந்தால் போதும்.

கைப்பிடிக் கீறல் இப்போதைக்குத் தாங்கும். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்புக்கு வீடு மறுபடி நிறையும். அதற்கு முன் கைப்பிடியை மாற்றிவிட்டு, அடி ஹோஸைக் கழற்றிக் காற்றறையின் வாயை ஒரு முறை பார்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.